ஃபிளாஸ்கின் கழுத்து

லஹ்தியில் நவம்பர். மூன்றரைக்கே இருட்டிவிடும்.
மாலை வகுப்புக்கு வந்தவர்கள் ஒன்பது பேர்.
அவர்கள் பூட்ஸிலிருந்து உருகிய பனி
மேசைகளுக்கடியில் வழி தேடுகிறது.

"முதலில் அழியுங்கள்" என்கிறேன்.
ஒரே வளைவுக்கு இருபத்திரண்டு புள்ளி
வைத்திருக்கிறான் ஓஸ்மோ.
ஒன்றைச் சரிக்கட்ட இன்னொன்று,
அதைச் சமாதானப்படுத்த வேறொன்று.
பொய்யைக் காப்பாற்றப் பிறந்த பொய்கள்.
ஆறு போதும்.
ஆறில் நிற்காத வளைவு அறுபதிலும் நிற்காது.
ஒன்றை அழிக்கிறான்,
பல் பிடுங்கக் கொடுத்தவன் மாதிரி
என்னைப் பார்க்கிறான்.

திரையில் இரண்டு பரப்புகள், விளிம்போடு விளிம்பு.
இடைவெளி பூஜ்யம் என்கிறது மென்பொருள்.
பொய் சொல்லவில்லை.
ஆனால்
தொடுவது வேறு, தொடர்வது வேறு.
தொட்ட இடத்தில் இரண்டும்
ஒரே திசை பார்க்க வேண்டும்.
பார்த்தால் மட்டும் போதாது,
ஒரே அளவு வளைய வேண்டும்.
அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது,
வளைவு மாறும் வேகமும் ஒத்துப்போவது.
அது அடுத்த வாரம்.
இப்போதே யாரும் பயப்பட வேண்டாம்.

வரிக்குதிரைக் கோடுகளைப் போடுகிறேன்.
கறுப்பும் வெள்ளையும் பரப்பின்மேல் ஓடிவந்து
இணைப்பில் கால் இடறி
கொஞ்சம் தள்ளி விழுந்து
எழுந்து ஓடுகின்றன.
தெரிகிறதா?
தெரிகிறது.
இனிமேல் தெரியாமல் இருக்காது, அதுதான் சாபம்.
விருந்துக்குப் போன வீட்டில்
ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தபடி நிற்பீர்கள்.

ஹில்லெவி திரையைப் பார்க்கவில்லை.
பதினாறு வருடம் பல் ஆய்வகத்தில் இருந்தவள்,
பீங்கான் பற்களுக்கு மெருகு போட்டவள்.
"கண்ணுக்கு இதில் புத்தி மட்டு,
நாக்குக்குத்தான் தெரியும்" என்கிறாள்.
"மயிரிழை மேடு இருந்தாலும் ஆள் திரும்பி வருவார்.
என்னவென்று சொல்லத் தெரியாது.
ஏதோ உறுத்துகிறது என்பார்."

வெள்ளைப் பலகையில்
என் வரையறைகளுக்குக் கீழே எழுதினேன்:
ஏதோ உறுத்துகிறது.
மேலே இருந்தவற்றை
அழித்துவிடலாம் போலிருந்தது.

இடைவேளை. காபி.
ஊற்ற எடுத்த ஃபிளாஸ்கை
ஊற்றாமல்
விளக்குக்கு நேரே திருப்பினாள் ஹில்லெவி.
எஃகின்மேல் டியூப்லைட் வெள்ளைக் கோடாக வழுக்கி
மூக்கும் கழுத்தும் சேரும் இடத்தில்
சட்டென்று முழங்கை மடக்கியது.
"யார் செய்தது இதை?"
யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

நான்தான்.
ஏழு வருடத்துக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை.
திங்கள் காலை அச்சு வெட்டப் போகிறார்கள்.
மூக்கு எதற்கும் ஒத்துவரவில்லை.
இரவு பதினொன்றுக்கு
ஓர் ஒட்டுத்துண்டு போட்டு மூடினேன்.
யாருக்குத் தெரியப்போகிறது என்றார் மேலாளர்.
அவர் சொன்னது சரி.
நாற்பதாயிரம் சமையலறைகளில்
தினமும் காலையில் அந்த முழங்கை மடங்குகிறது,
காபி மட்டும் ஒழுங்காக விழுகிறது.
கடையில் அந்த அலமாரிப் பக்கம்
நான் போவதில்லை.

சொல்லி முடித்ததும் யாரோ சிரித்தார்கள்.
ஓஸ்மோவுக்குத்தான் தாங்க முடியாத சந்தோஷம்.
"எத்தனை புள்ளி?"
பழைய கோப்பைத் திறந்தோம். சத்தமாக எண்ணினார்கள்.
முப்பத்தொன்று.

மீதி நேரம் முழுக்க அழித்தோம்.
ஒட்டுத்துண்டைத் தூக்கி எறிந்து
மூக்கையும் கழுத்தையும்
ஒன்றைத் தாண்டி ஒன்று நீளவிட்டு
வெட்டிக்கொண்டோம்.
ஒருபக்கம் கோடு நேராக ஓடியது.
மறுபக்கத்துக்குள்
காவலாளி வந்து சாவியை ஆட்டினார்.

பஸ் நிறுத்தத்தில் மைனஸ் ஒன்பது.
பஸ் வந்தது. அதன் விலாவில்
தெருவிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நழுவி
நடுக்கதவருகே இடறின.
ஒன்பது பேரும் பார்த்துவிட்டார்கள்.
ஓஸ்மோ குனிந்து, கையுறையைக் கழற்றி,
தகட்டைத் தடவினான்.

"ஏறப்போகிறீர்களா இல்லையா?"
என்றார் டிரைவர்.